நியூயார்க்கில் போட்ட கையெழுத்தும் சாட்ஸ்வர்த் குழாயும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீர், குப்பை, புகை என்று ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஆளாளுக்கு வேறு வேறு விதமாக எழுதியிருந்தாலும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நம் தென்னாப்பிரிக்கா பெரிய பெரிய வளர்ச்சித் திட்டம் போடுகிறதே, அதையெல்லாம் யார் ஒன்றாகக் கட்டி இழுக்கிறார்கள், நடக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐ.நா.வில் நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குக்கு நம்ம நாடும் கையெழுத்துப் போட்டது, அதில் ஆறாவது இலக்கு தண்ணீர் என்கிறார்கள். எங்கள் தெருவில் வாரத்தில் இரண்டு நாள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. யாரைக் கேட்பது ஐயா? தேசிய அரசு இருக்கிற பிரிட்டோரியாவா, மாகாணமா, மாநகராட்சியா? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.
(ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்)

கை காட்ட இடம் இருக்கிறது, அதனால் காட்டுகிறார்கள். அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால் விடாமல் பிடிக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெருக் குழாய்க்கு நேரடிப் பொறுப்பு மாநகராட்சி. இதில் சந்தேகமே வேண்டாம். 1996 அரசியல் சட்டத்தின் நான்காவது அட்டவணை குடிநீர் வழங்குவதையும் வீட்டுக் கழிவுநீரை அகற்றுவதையும் உள்ளாட்சியின் கையில் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே அரசியல் சட்டம் 154ஆம் பிரிவில், உள்ளாட்சி தன் வேலையைச் செய்யும்படி தேசிய அரசும் மாகாண அரசும் துணை நின்றாக வேண்டும் என்கிறது. 139ஆம் பிரிவில், அப்படியும் செய்யவில்லை என்றால் மாகாணம் உள்ளே இறங்கலாம் என்கிறது. போதிய தண்ணீர் எல்லோருக்கும் உரிமை என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் பார்த்தால், அணை தேசியத் தண்ணீர்த் துறையிடம் இருக்கிறது, சுத்திகரித்து மொத்தமாக விற்பது பெரும்பாலும் உம்ங்கேனி-உதுகேலா நீர் வாரியம், அதை வாங்கித் தெருவுக்குக் கொண்டுவருவது டர்பனை நிர்வகிக்கிற இதெக்வினி மாநகராட்சி. ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பின்னால் மூன்று அலுவலகம். அணையில் குறை என்று ஒருவர், வாரியம் அளவைக் குறைத்தது என்று ஒருவர், குழாய் உடைந்தது என்று ஒருவர். மூன்றும் சில நாள் உண்மையாகவும் இருக்கும், அதுதான் சிக்கல்.

இனி அந்த 17 இலக்குக்கு வருவோம். 2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் ஒப்புக்கொண்டது, 17 இலக்கு, அவற்றுக்குக் கீழே 169 உள்இலக்கு, கெடு 2030. தென்னாப்பிரிக்கா அதற்கென்று புதிதாக ஒரு திட்டம் எழுதவில்லை. ஏனென்றால் 2012லேயே தேசிய வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றை எழுதி முடித்திருந்தது, அதற்கும் கெடு 2030தான். அதை எழுதிய தேசியத் திட்டக் குழுவுக்கு அப்போது தலைவர் டிரெவர் மேனுவல், துணைத் தலைவர் இன்றைய அதிபர் சிரில் ராமபோசா. ஐ.நா. இலக்குகளை அந்தத் திட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். திட்டத்தை ஐந்தாண்டுத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துறை எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுத்து, காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்பது அதிபர் அலுவலகத்தில் இருக்கிற திட்டமிடல், கண்காணிப்பு, மதிப்பீட்டுத் துறை. 2023ல் அதற்கு அமைச்சரானவர் மரோபேனே ரமோக்கோபா. இப்போது ஓடுகிற துண்டு 2024லிருந்து 2029 வரை. எண்களைச் சேர்த்துக் கொடுப்பது தேசியப் புள்ளிவிவர நிறுவனம். ஐ.நா.வுக்கு 2019லும் 2024லும் நாட்டின் சார்பில் முன்னேற்ற அறிக்கை போனது. அது தானாக முன்வந்து கொடுக்கும் அறிக்கை, மோசமாக இருந்தால் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

ஆக, உங்கள் தெருவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் பாதை இருக்கிறது. அதில் பலவீனமான இடம் பிரிட்டோரியாவுக்கும் மாநகராட்சிக்கும் இடையில் இருக்கிறது என்பது என் கருத்து. மேலே இருக்கிற கண்காணிப்புத் துறை அமைச்சகங்களிடம் கணக்குக் கேட்கலாம். மாநகராட்சியைத் தனக்குக் கீழே இருக்கிற அதிகாரி போல நடத்த அதற்கு முடியாது, ஏனென்றால் நம் சட்டப்படி தேசியம், மாகாணம், உள்ளாட்சி என்பவை ஒன்றுக்குக் கீழ் ஒன்று இல்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மூன்று அரசுகள். நிறவெறிக் காலத்தில் மேலிருந்து வந்த உத்தரவுகளைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார்கள், அது சரியும்கூட. ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை இது.

ஒருங்கிணைப்பு என்று சொல்லிக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடக்கிறது, படம் போடுகிறார்கள். அதில் ஒன்றாவது உருப்படியாக நடந்ததா? நேராகச் சொல்லுங்கள்.
(ஒரு வாசகி, லெனேசியா)

நடந்திருக்கிறது அம்மா. ஆனால் எல்லா இடத்திலும் நடக்கவில்லை, ஏன் என்று பார்க்க இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது, 2019ல் அதிபர் தொடங்கிவைத்த மாவட்ட வளர்ச்சி முறை. மூன்று அரசும் ஒரே மாவட்டத்துக்கு மூன்று திட்டம் போடுவதை விட்டுவிட்டு 44 மாவட்டம், 8 பெருநகரம் என்று 52 இடத்துக்கும் ஒவ்வொரு கூட்டுத் திட்டம் போட வேண்டும் என்பது எண்ணம். சோதனைக்கு எடுத்த மூன்று இடத்தில் நம் இதெக்வினியும் ஒன்று. எண்ணம் அருமையானது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பணம் அந்தக் கூட்டுத் திட்டத்தின் வழியாக ஓடவில்லை. துறைகளின் பணம் துறைகளின் வழியாகவும், மாநகராட்சியின் பணம் அதன் பட்ஜெட் வழியாகவும் முன்பு போலவே ஓடியது. ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டு ஆளுக்கொரு பர்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சுக்கு என்ன பலம் இருக்கும்?

இரண்டாவது, 2020 அக்டோபரில் அதிபர் அலுவலகமும் தேசியக் கருவூலமும் சேர்ந்து ஆரம்பித்த ஆபரேஷன் வுலிண்ட்லேலா. சின்னக் குழு. நாட்டில் எல்லாவற்றையும் சரிசெய்கிறோம் என்று கிளம்பவில்லை, மின்சாரம், தண்ணீர், ரயில் துறைமுகம், தொலைத்தொடர்பு, விசா என்று சில துறைகளில் குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் கையில் எடுத்தது. எது முடிந்தது, எது நடக்கிறது, எது முட்டிக்கொண்டு நிற்கிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை வெளிப்படையாகப் போட்டது. அதன் பலன் ஒன்றை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். தனியார் மின்சாரம் தயாரிக்க உரிமம் இல்லாமல் 1 மெகாவாட் வரைக்கும்தான் என்று இருந்த வரம்பை 2021ல் 100 மெகாவாட் ஆக்கினார்கள், பிறகு வரம்பையே எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் சொந்தமாகச் சூரிய மின்சாரத்துக்குப் பணம் போட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மின்வெட்டு குறைந்ததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிலையங்கள் ஓரளவு தேறியதும் காரணம், வீட்டுக் கூரைகளில் ஏறிய சூரியத் தகடுகளும் காரணம்.

வித்தியாசம் என்ன என்று கேட்டால், பணப்பெட்டியின் சாவி வைத்திருக்கிற கருவூலம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது, பட்டியல் குட்டையாக இருந்தது, தாமதம் ஆனால் ஊருக்கே தெரிந்தது. அமைச்சரவைக் குழு, அமைச்சரும் மாகாணப் பொறுப்பாளர்களும் கூடும் குழு, அதிபரும் மாகாண முதல்வர்களும் கூடும் ஒருங்கிணைப்புக் குழு என்று நம்மிடம் ஏற்கெனவே நிறைய மேசைகள் உண்டு, 2005ல் அதற்கென்று சட்டமே போட்டார்கள். இன்னொரு மேசை போடுவதால் ஒன்றும் ஆகாது.

2022 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். அந்த ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சக்கூட வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். இப்போது குழாயில் வருகிறது, குடிக்கலாமா என்று பயமாக இருக்கிறது. ப்ளூ டிராப் என்று ஏதோ அறிக்கை வருகிறதாமே, அதை எங்களைப் போன்றவர்கள் படிக்க முடியுமா?
(ஒரு வாசகி, டொங்காட்)

படிக்க முடியும், படிக்கவும் வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிற எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் பொறுமையாகக் கேளுங்கள் அம்மா.

தேசியத் தண்ணீர்த் துறை 2008ல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. குடிநீருக்கு ப்ளூ டிராப், கழிவுநீருக்கு கிரீன் டிராப், பிறகு வீணாகும் தண்ணீருக்கு நோ டிராப். ஒவ்வொரு ஊரின் நீர் அமைப்பையும் தனித்தனியாகப் பரிசோதித்து, பள்ளிப் பிள்ளைக்குத் தேர்ச்சி அட்டை கொடுப்பது போல மதிப்பெண் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவார்கள். ஆரம்பத்தில் நல்ல பலன் இருந்தது. பக்கத்து நகராட்சி சான்றிதழ் வாங்கிவிட்டது என்றதும் இங்கே இருக்கிற பொறியாளருக்கு ரோஷம் வரும், கவுன்சிலில் பணம் கேட்க அவருக்கு ஒரு ஆதாரமும் கிடைக்கும். அமைச்சருக்கும் எங்கே ஓட்டை என்று தெரியும்.

2014ஆம் ஆண்டுக்கான அறிக்கைக்குப் பிறகு அது நின்றுபோனது. அடுத்த முழு ப்ளூ டிராப் அறிக்கை வந்தது 2023 டிசம்பரில்! நடுவில் ஏறக்குறைய ஒன்பது வருஷம் நாடு கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தது. மறுபடி திறந்து பார்த்தபோது என்ன இருந்தது? 144 நீர் வழங்கும் அமைப்புகளின் கீழ் இருக்கிற 958 நீர்த் திட்டங்களில் ப்ளூ டிராப் சான்றிதழுக்குத் தகுதி பெற்றவை 26. 2014ல் 44 இருந்தது. கிருமி விஷயத்தில் மோசம், மிக மோசம் என்ற நிலையில் இருந்தவை 46 சதவீதம், 2014ல் அது 5 சதவீதம். குழாயில் விட்ட தண்ணீரில் காசாக மாறாமல் போனது, அதாவது ஒழுகியதும் அளக்காமல் போனதும் கணக்கில் ஏறாததும் சேர்த்து, 47 சதவீதம். கழிவுநீருக்கான கிரீன் டிராப் 2022லேயே வந்துவிட்டது, அதில் 334 நிலையங்கள் ஆபத்தான நிலையில் இருந்தன.

இந்தச் சரிவு ஒரே நாளில் வந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும். பராமரிப்புப் பணத்தை வேறு எதற்கோ திருப்பியிருப்பார்கள், ஓய்வு பெற்றுப்போன ஆபரேட்டரின் இடத்தை நிரப்பாமல் விட்டிருப்பார்கள். அறிக்கை வருஷா வருஷம் வந்திருந்தால் மூன்றாவது வருஷத்திலேயே யாராவது கத்தியிருப்பார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் பணம் இல்லை, ஆள் இல்லை என்பதையாவது புரிந்துகொள்ளலாம், ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கண்காணிப்பை அப்படியே விட்டுவிட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதற்கு மறுபடி உயிர் கொடுக்கும் வேலையும் மேலே சொன்ன வுலிண்ட்லேலா பட்டியலில் ஒன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, படிப்பது எப்படி? மாகாணவாரியாக அறிக்கை இருக்கும், குவாசுலு-நடாலை எடுத்து உங்கள் மாநகராட்சியின் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு நீர்த் திட்டத்துக்கும் ஒரு பத்தி. மேலே பெரிய எழுத்தில் இருக்கிற மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். நுண்ணுயிர்த் தரம் என்ற வரியைத் தேடுங்கள். 100 மில்லி தண்ணீரில் ஈ-கோலை என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நம் நாட்டின் குடிநீர்த் தரம், அந்த வரி அதைத்தான் சொல்கிறது. அடுத்தது முந்தைய அறிக்கையின் மதிப்பெண், அதே கட்டத்தில் பக்கத்திலேயே இருக்கும், ஏறியதா இறங்கியதா என்று உடனே தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒரு தொகை போட்டிருப்பார்கள், பழுதான பம்பு, வடிகட்டி, மோட்டார் எல்லாவற்றையும் மறுபடி வேலை செய்ய வைக்கத் தோராயமாக எத்தனை ராண்ட் ஆகும் என்று. அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து என்ன செய்வது என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. அந்த மதிப்பெண் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் விநியோகத்துக்கும் சேர்த்துப் போடுவது, உங்கள் சந்துக்குத் தனியாகப் போட்டது இல்லை. குழாய் வறண்டு கிடந்து திடீரென்று வரும்போது முதலில் வருகிற கலங்கல் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கொதிக்க வைத்துக் குடிப்பதே நல்லது. ஜோஜோ டேங்க், அதாவது வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் அதையும் அவ்வப்போது கழுவுங்கள்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 82.4 சதவீதக் குடும்பங்களுக்கு வீட்டிலோ வளாகத்திலோ குழாய் இருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் நாம் இலக்கை நெருங்கிவிட்டோமா?
(ஒரு மாணவர், வெஸ்ட்வில்)

குழாயை நெருங்கியிருக்கிறோம் தம்பி. நிறவெறி ஆட்சி முடிந்த 1994ல் எங்கே இருந்தோம் என்று பார்த்தால் அது சாதாரண விஷயம் இல்லை, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஐ.நா. இலக்கு கேட்பது வீட்டில், தேவைப்படும் நேரத்தில், கிருமி இல்லாத தண்ணீர் வருகிறதா என்று. குழாய் இருப்பதை எண்ணுவது சுலபம். தண்ணீர் நின்றுபோகிறதா, எத்தனை நாள் நிற்கிறது என்பதைப் புள்ளிவிவர நிறுவனம் ஆண்டுதோறும் நடத்துகிற பொதுக் குடும்பக் கணக்கெடுப்பில் கேட்கிறார்கள், நீங்கள் ஆய்வு எழுதுவதாக இருந்தால் அதை எடுத்து ப்ளூ டிராப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் சென்னையிலிருந்து வேலைக்காக ஜோஹானஸ்பர்க் வந்தவன். அங்கே நிதி ஆயோக் இந்த ஐ.நா. இலக்குகளை வைத்து மாநிலங்களுக்கு மதிப்பெண் போடுகிறதே, இங்கே ஏன் மாகாணங்களுக்கு அப்படி இல்லை?
(ஒரு வாசகர், சாண்டன்)

நிதி ஆயோக் 2018லிருந்து அந்தக் குறியீட்டை வெளியிடுகிறது. 2023-24ல் கேரளமும் உத்தராகண்டும் நூற்றுக்கு 79 எடுத்து முதலிடம், தமிழ்நாடு 78. மாநிலங்களுக்குள் போட்டி வருகிறது, நல்லதுதான். ஆனால் மாநில சராசரிக்குள் ஊர்கள் மறைந்துபோகும். குழாய், கழிவுநீர் விஷயத்தில் ஊர்வாரியாகப் போடுகிற நம்ம ப்ளூ டிராப் முறைதான் எனக்குப் பிடிக்கும், ஒழுங்காக வெளியிட்டால்!

கண்காணிப்பு கண்காணிப்பு என்கிறீர்கள். வேலை செய்யாதவருக்கு என்ன ஆகும்? இதுவரை யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா?
(ஒரு வாசகர், இசிபிங்கோ)

நியாயமான கோபம். தேசிய அளவில் 2020ல் அதிபர் ஒவ்வொரு அமைச்சரோடும் செயல்பாட்டு ஒப்பந்தம் போட்டு அதை வெளியிட்டார். நல்ல ஆரம்பம். ஆனால் இந்த இலக்கை எட்டவில்லை, அதனால் இந்த அமைச்சர் போகிறார் என்று மக்களிடம் சொல்லி அனுப்பிய வழக்கம் இங்கே உருவாகவில்லை. தேசிய வளர்ச்சித் திட்டம் 2030க்குள் வேலையின்மையை 6 சதவீதமாக்குவோம் என்றது. அது இப்போது 30 சதவீதத்துக்கு மேலே நிற்கிறது. திட்டக் குழுவே 2023ல் பத்தாண்டு மறுஆய்வு செய்து, பெரும்பாலான இலக்குகளில் பின்தங்கிவிட்டோம் என்று எழுதியது. ஒளிக்காமல் எழுதினார்களே என்பதற்கு மதிப்புக் கொடுக்கிறேன், ஆனால் எழுதியதற்குப் பிறகு என்ன என்பதுதான் உங்கள் கேள்வி, என் கேள்வியும் அதுதான்.

பல் இருக்கிற அமைப்பு ஒன்று உண்டு, அது தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம். அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத அரசியல் சட்ட அமைப்பு, 2020 கடைசியிலிருந்து ட்சகானி மலுலேகே அதன் தலைவர். 2019 ஏப்ரல் 1 முதல் சட்டத் திருத்தம் ஒன்று அமலுக்கு வந்தது. பெரிய இழப்பு உண்டாக்கும் முறைகேட்டைக் கண்டுபிடித்தால் சரிசெய்யச் சொல்லி உத்தரவிடலாம். அப்படியும் கேட்காவிட்டால், இழந்த பணத்தை அந்தப் பொறுப்பு அதிகாரியே கட்ட வேண்டும் என்று கடன் சான்று கொடுக்கிற வரைக்கும் போகலாம். முன்பு தணிக்கை அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள், இப்போது ஒரு கடிதம் வந்தாலே பல இடங்களில் வேலை நடக்கிறது. 2022-23ல் 257 உள்ளாட்சிகளில் குறையில்லாத தணிக்கை வாங்கியவை 34 மட்டுமே என்று ஊருக்குச் சொன்னதும் இந்த அலுவலகம்தான். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம், கணக்கு சுத்தமாக இருந்தால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம் இல்லை. கணக்குப் புத்தகம் சரியாக இருந்தும் குழாய் வறண்டு கிடக்கலாம்.

நாங்கள் மூன்று தலைமுறையாக மெரிபேங்கில் இருக்கிறோம். எண்ணெய் ஆலைகளின் நாற்றத்திலேயே வளர்ந்தோம், வீட்டுக்கு ஒரு பிள்ளை இன்ஹேலர் வைத்திருந்தது. ஆலைகள் நின்றுவிட்டன, இனி காற்றை யாராவது பார்ப்பார்களா, அல்லது விட்டுவிடுவார்களா?
(ஒரு வாசகி, மெரிபேங்க்)

பார்க்க வைத்ததே உங்கள் பகுதி மக்கள்தான் அம்மா. தெற்கு டர்பனுக்கு 2000ல் பல்முனைத் திட்டம் என்று அரசு அறிவித்து, காற்றை அளக்கும் நிலையங்களை வைத்தது சும்மா வந்த யோசனை இல்லை, வருஷக்கணக்கில் குடியிருப்பாளர்கள் தெருவில் நின்றதால் வந்தது. பிறகு 2004ல் காற்றுத் தரச் சட்டம் நாடு முழுவதுக்கும் வந்தது. ஆலை நின்றாலும் துறைமுகத்து லாரிகள் நிற்கவில்லை, கிடங்குகள் நிற்கவில்லை. அதனால் அளக்கும் நிலையம் வேலை செய்கிறதா என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அளவீடு வராத மாதத்தில் காற்று நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கையில் ஒரு வலுவான சட்டம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உடல்நலத்தைக் கெடுக்காத சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஹைவெல்ட் பகுதியின் காற்று மாசு அந்த உரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே நிலக்கரி மின்நிலையங்களுக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்காக வந்த தீர்ப்புதான், ஆனாலும் அதில் நமக்கு உபயோகமானது ஒன்று உண்டு. காற்றைச் சரிசெய்யும் திட்டம் ஒன்றை அரசு எழுதி வைத்திருந்தது, அதை அமல்படுத்தத் தேவையான விதிமுறைகளைப் போடவே இல்லை. திட்டம் எழுதினால் மட்டும் போதாது, நடத்திக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எங்கள் ஊரில் ஐ.டி.பி. கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். போனால் ஏதாவது பயன் உண்டா, எப்போது போக வேண்டும், என்ன கேட்க வேண்டும்? நாங்கள் சாதாரண ஜனங்கள்.
(ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

போங்கள் ஐயா, ஆனால் சரியான நேரத்தில் போக வேண்டும். உள்ளாட்சி முறைகள் சட்டம் 2000ல் வந்தது. ஒவ்வொரு நகராட்சியும் ஐந்து வருஷத்துக்கு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம், அதாவது ஐ.டி.பி., போட வேண்டும், வருஷா வருஷம் திருத்த வேண்டும், மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று அது கட்டாயமாக்கியிருக்கிறது. ஐ.நா.வில் பேசிய இலக்கும் தேசியத் திட்டமும் உங்கள் தெருவுக்கு வந்து சேர இருக்கிற ஒரே வாசல் இந்த ஐ.டி.பி.யும் அதன் பட்ஜெட்டும்தான்.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1ல் ஆரம்பம். வரைவு ஐ.டி.பி.யையும் வரைவு பட்ஜெட்டையும் அதற்கு 90 நாள் முன்பே கவுன்சிலில் வைக்க வேண்டும், அதாவது மார்ச் முடிவதற்குள். ஏப்ரலில் மக்கள் கருத்துக் கேட்பார்கள். ஜூன் முடிவதற்குள் ஒப்புதல் ஆகிவிடும். ஆகவே ஜூலையில் போய்க் கத்தினால் அடுத்த வருஷத்துக்குத்தான். நம்மவர்கள் பலர் செய்வது அதுதான், தண்ணீர் நின்ற அன்றைக்குக் கவுன்சிலர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், ஏப்ரலில் மண்டபத்தில் நாற்காலி காலியாக இருக்கும். கோவில் கூட்டத்துக்கு வருகிற ஆட்களில் பாதிப்பேர் அங்கே வந்தாலே போதும், மண்டபம் நிறைந்துவிடும்.

போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். டொங்காட் வாசகிக்குச் சொன்ன அந்தத் தொகை, உங்கள் ஊர் நீர் அமைப்பை மறுபடி ஓட வைக்க எவ்வளவு ஆகும் என்று ப்ளூ டிராப் அறிக்கையில் போட்டிருப்பது, அதை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வரைவு பட்ஜெட்டில் தண்ணீர் அமைப்பின் பழுதுபார்ப்பு, பராமரிப்பு என்ற தலைப்பைத் தேடி அங்கே இருக்கிற தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் படித்துக் காட்டிவிட்டு, நடுவில் இருக்கிற வித்தியாசத்தை எந்த வருஷத்தில் எந்தப் பணத்தில் அடைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். தண்ணீர் வரவில்லை என்று நூறு பேர் சொன்னால் அவர்களுக்குப் பழகிப்போன பதில் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பழகிய பதில் இல்லை, ஏனென்றால் தேசியத் துறையின் எண்ணையும் நகராட்சியின் எண்ணையும் ஒரே தாளில் யாரும் சேர்த்து வைப்பதில்லை. கேள்வியை எழுதியும் கொடுங்கள், கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

சென்ற வருஷம் சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்க, ஜனவரிக் கடைசிக்குள் கவுன்சிலில் வைக்க வேண்டிய ஆண்டறிக்கை இருக்கிறது. அதில் எட்டாத இலக்குகளுக்குக் காரணம் எழுதியிருப்பார்கள், அந்தப் பக்கங்களை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள். தகவல் தர மறுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பம் கொடுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று தயங்க வேண்டாம், வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அரைமணி நேர வேலை.